சிகாகோ பேராசிரியர் கொலையில் துப்பு துலங்காதது ஏன்?

கேள்வி: ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அதே நாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டாராமே? கொலையாளி இன்றுவரை பிடிபடாதது ஏன்?
(தேனி வாசகர்)

பதில்: ஆமாம், 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது சிகாகோவில் இன்னும் நண்பகல் ஆகவில்லை. சுமார் ஒரு மணி நேரம் கழித்து, சமயவியல் துறை இயங்கும் ஸ்விஃப்ட் ஹாலின் மூன்றாம் மாடிக் கழிவறையில் யோவான் குலியானு சுடப்பட்டார். தேதிதான் ஒன்று, இரண்டுக்கும் தொடர்பில்லை.

ருமேனியாவில் பிறந்தவர், வயது 41. மறுமலர்ச்சிக் கால மந்திரவியல், ஞானவாதம் (ரகசிய ஞானத்தால் மீட்சி கிட்டும் என்ற பழைய சமயப் போக்கு) பற்றிய ஆய்வுகளில் பெரிய பெயர். கல்கத்தாவில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் படித்த சமய வரலாற்று அறிஞர் மிர்ச்சா எலியாதேயின் அணுக்கச் சீடர். எவ்வளவோ எழுதியிருக்க வேண்டிய மனிதர்.

தலையின் பின்புறம் ஒரே குண்டு. பக்கத்துத் தடுப்பறையில் கழிப்பறைப் பீடத்தின் மேல் ஏறி நின்று சுட்டிருக்கிறார்கள். எதுவும் களவு போகவில்லை.

துப்பு சிக்காததற்கு முதல் காரணம் அந்தக் குண்டுதான். .25 காலிபர், அதாவது குண்டின் விட்டம் சுமார் 6.35 மி.மீ. உள்ளங்கையில் மறையும் கைத்துப்பாக்கிக்கு உரியது. துப்பாக்கிக் குழாயின் உட்புறச் சுருள்வரிகள் குண்டில் கீறல்களாகப் பதியும். கீறல் எத்தனை, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்தால் எந்த வகைத் துப்பாக்கி என்று ஓரளவு சொல்லலாம். குறிப்பாக இந்தத் துப்பாக்கிதான் என்று சொல்ல அந்தத் துப்பாக்கியே கையில் வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டுப் பார்த்து, இரு குண்டுகளையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்துவார்கள். இங்கே துப்பாக்கி கிடைக்கவே இல்லை. பொதுவாகவே எலும்பில் பட்ட குண்டு நசுங்கிவிடும். அதை உலோக இடுக்கியால் எடுத்தால் புதுக் கீறல் விழுந்து ஒப்பீடே கெட்டுப்போகும்.

அடுத்தது இடம். பொதுக் கழிவறையில் யார் யாருடைய கைரேகையோ இருக்கும். ஒப்பிட ஒரு சந்தேக நபர் இல்லாதவரை அவற்றால் பயன் குறைவு. டி.என்.ஏ. சோதனைக்கோ அந்நாளில் கண்ணுக்குத் தெரியும் அளவு ரத்தக்கறை தேவைப்பட்டது. தொட்ட இடத்திலிருந்து எடுக்கும் வித்தை பின்னால் வந்தது.

கேள்வி: கொலை செய்தது ருமேனிய உளவுத்துறைதான் என்கிறார்களே?
(கோவை வாசகி)

பதில்: அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. 1989 டிசம்பரில் ருமேனிய சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்த பிறகு வந்த ஆட்சியையும், பழைய ரகசியப் போலீஸான செக்கூரிட்டாட்டேயையும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகையில் குலியானு கடுமையாக விமர்சித்தார். எஃப்.பி.ஐ.யும் விசாரணையில் இறங்கியது. தீவிர வலதுசாரிகள் மீதும் சிலர் கைகாட்டினார்கள். ஆனால் ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. கொல்ல யாருக்குக் காரணம் இருந்தது என்பது வேறு, யார் கொன்றார் என்பது வேறு. இரண்டாவதற்குச் சாட்சியோ தடயமோ வேண்டும்; அது இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே உளவுத்துறைதான் என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: இனியும் வழக்கு நடத்த முடியுமா?
(தஞ்சை வாசகர்)

பதில்: முடியும். இலினாய் மாநிலத்தில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது, இந்தியாவிலும் அப்படித்தான். இத்தனை வருடம் கழித்து எல்லாம் சான்றுப்பொருள்களைக் காத்த விதத்தைப் பொறுத்தது. ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதையும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு முத்திரையிட்டிருந்தால் பல வருடம் கழித்தும் சோதிக்கலாம்.