பாட்டியின் ஹலுஷ்கியில் உருளைக்கிழங்கு இல்லை. அது ஸ்லோவாக் உணவுதானா?

கேள்வி: நான் மதுரைக்காரி. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிட்ஸ்பர்கில் இருக்கிறேன். கணவரின் கொள்ளுத்தாத்தா 1907 வாக்கில் ‘ஹங்கேரி’யிலிருந்து இரும்பாலை வேலைக்கு வந்தவராம். ஆனாலும் வீட்டில் எல்லோரும் தங்களை ஸ்லோவாக் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். என் மாமியார் செய்யும் ஹலுஷ்கி என்பது முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கியது. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு நண்பர் அதைச் சாப்பிட்டுவிட்டு, “ஹலுஷ்கி என்றால் உருளைக்கிழங்கும் ஆட்டுப்பால் சீஸும், இது எங்கள் உணவே இல்லை” என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு மனசே விட்டுப்போய்விட்டது. கொள்ளுப்பாட்டி எழுதிவைத்த சமையல் சீட்டின் சொற்களும் அகராதியில் இல்லை. இந்த டிசம்பர் 24 இரவு விருந்தை நான் சமைக்கப் போகிறேன் (நான் சைவம்). எதைச் செய்வது? பூர்வீக ஊரைக் கண்டுபிடித்து ஸ்லோவாக் குடியுரிமையும் வாங்கித் தருவதாக ஒருவர் 2,400 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மாமியார் செய்வதையே செய்யுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

அந்த நண்பர் சொன்னது பிரிண்ட்ஸா ஹலுஷ்கி. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி மைதாவோடு பிசைந்து, ஓட்டை போட்ட தட்டு வழியாகக் கொதிக்கும் நீரில் தேய்த்து விழவைத்து, மேலே பிரிண்ட்ஸா என்ற செம்மறிப்பால் சீஸும் பன்றிக்கொழுப்பு வறுவலும் போடுவார்கள். ஸ்லோவாக்கியாவின் தேசிய உணவு என்று இன்று எல்லோரும் காட்டுவது அதைத்தான். ஆடு மேய்க்கிற மலைப்பக்கத்துச் சாப்பாடு அது. லிப்டோவ், ஒராவா போன்ற வடக்கு, நடுப் பகுதிகளில் அது அன்றாட உணவு. உங்கள் கணவரின் முன்னோர்களைப் போல 1880களிலிருந்து 1914 வரை பென்சில்வேனியாவின் சுரங்கங்களுக்கும் இரும்பாலைகளுக்கும் வந்தவர்களில் பெரும்பகுதி கிழக்குப் பக்கத்தவர்கள்: ஷாரிஷ், ஸெம்ப்லீன், ஸ்பிஷ். முட்டைக்கோஸோடு மாவுத்துண்டு சேர்த்துச் சாப்பிடுவது அவர்களுக்குப் புதிதில்லை. ஸ்லோவாக்கியாவில் இன்றும் முட்டைக்கோஸும் சதுரமாக நறுக்கிய மாவும் கலந்த பண்டம் இருக்கிறது, அதற்கு அங்கே ஃப்லியாச்கி என்று பெயர். ஹலுஷ்கியையே புளித்த முட்டைக்கோஸோடு கலந்தால் ஸ்திரபாச்கி. பிட்ஸ்பர்குக்கு வந்த பெண்கள் ஆலை ஷிப்டுக்குத் தக்கபடி சமைத்தார்கள், கையால் நறுக்கிய மாவின் இடத்துக்குக் கடை நூடுல்ஸ் வந்தது, பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஊர்த் தேவாலயக் கூடங்களில் பிரோஹியோடு (பூரணம் வைத்து வேகவைத்த மாவுக் கொழுக்கட்டை) விற்கிற ஹலுஷ்கியும் இதேதான். உங்கள் அத்தை செய்வது நூறாண்டாகப் பிட்ஸ்பர்கில் வாழ்கிற ஸ்லோவாக் உணவு. முதலில் இதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘அசல் சுவை’ என்று இணையத்தில் விற்கிற பொடி மிக்ஸையும், ‘பிரிண்ட்ஸா போன்றது’ என்று லேபிள் ஒட்டிய டப்பாவையும் வாங்கி ஏமாறாதீர்கள். ஸ்லோவாக் பிரிண்ட்ஸா என்ற பெயருக்கு 2008 முதல் ஐரோப்பியப் பாதுகாப்பு இருக்கிறது. பாதிக்குமேல் செம்மறியாட்டுப் பால் சீஸ் இருந்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். என்றைக்காவது செய்து பார்க்கத் தோன்றினால் செம்மறிப்பால் ஃபெட்டா சீஸைப் புளிப்பு க்ரீமில் மசித்துக்கொள்ளுங்கள், சமாளிக்கலாம்.

சரி, சீட்டுக்கு வருவோம். இன்றைய ஸ்லோவாக் எழுத்துமொழி 1840களில் நடுப்பகுதிப் பேச்சை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது. கிழக்குப் பேச்சு அதிலிருந்து நன்றாகவே விலகும். அங்கே குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் சொல்லின் கடைசிக்கு முந்தின அசையில் விழும். நாகர்கோவில் பாட்டி எழுதிய சீட்டை வானொலிச் செய்தித் தமிழ் அகராதியில் தேடினால் என்ன கிடைக்குமோ அதுதான் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது. இதோடு ஒரு சிக்கல் கூட உண்டு. கொள்ளுப்பாட்டி பள்ளி போன காலத்தில் அந்தப் பகுதி ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது, பள்ளியில் ஹங்கேரிய எழுத்துமுறைதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முறையில் எஸ் என்ற எழுத்து தனியாக நின்றால் ‘ஷ்’ என்று படிக்க வேண்டும். எஸ்ஸும் இசட்டும் சேர்ந்து வந்தால்தான் ‘ஸ்’. சியும் எஸ்ஸும் சேர்ந்தால் ‘ச்’. இந்த மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சீட்டை வாய்விட்டுப் படியுங்கள், அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. கண்ணுக்குப் புரியாதது அவர் காதுக்குப் புரியும்.

விருந்துக்கு நீங்கள் சைவம் என்பது இடைஞ்சலே இல்லை. விலியா என்று கிழக்கத்தியர் சொல்கிற அந்த இரவு, கத்தோலிக்கக் குடும்பங்களில் இறைச்சியில்லாத விரத இரவுதான். தேனும் பூண்டும் வைத்து ஒப்லாட்கி என்ற மெல்லிய அப்பம் முதலில் வரும். அப்புறம் காளானும் புளித்த முட்டைக்கோஸ் நீரும் சேர்ந்த சூப், பிரோஹி, பீன்ஸ் அல்லது பட்டாணி, கடைசியாகப் போபால்கி என்ற சிறு ரொட்டி உருண்டைகள். மீனை அத்தை பார்த்துக்கொள்ளட்டும்.

போபால்கியில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், எல்லோரும் கெடுப்பது அங்கேதான். அரைக் கிலோ மைதா, 7 கிராம் உலர் ஈஸ்ட், 300 மில்லி வெதுவெதுப்பான பால், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் உப்பவிட்டு, விரல் தடிமனுக்குக் கயிறாகத் திரித்து, சிறு நெல்லிக்காய் அளவுக்கு வெட்டி, 180 டிகிரியில் பொன்னிறமாகும் வரை சுடுங்கள், கால் மணி நேரம் ஆகும். முந்தின நாளே சுட்டுத் திறந்து வைத்துவிட வேண்டும், உருண்டை காய்ந்திருப்பது முக்கியம். பரிமாறும் நேரத்தில் வடிதட்டில் போட்டு மேலே கொதிநீரை ஊற்றி உடனே வடித்துவிடுங்கள். ஊறப்போட்டால் கூழ்தான். வெளியே மெத்தென்று, நடுவில் சற்றே கடிபட வேண்டும்.

மேலே போடுவது கசகசா. 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கறுநீல வகை, நம் ஊரில் வெள்ளை. முழுதாகப் போட்டால் சுவையே வராது, அரைக்கத்தான் வேண்டும். ஸ்லோவாக் வீடுகளில் இதற்கென்றே ஒரு கைமில் இருக்கும். நீங்கள் குருமாவுக்கு அரைப்பதுபோல் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் இரண்டு கரண்டி சர்க்கரையோடு உலர்வாக, விட்டுவிட்டு ஓட்டுங்கள். வாசனை எழும்பிய உடனே நிறுத்துங்கள், இன்னும் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து கட்டியாகிவிடும். வாங்கும்போதே ஒன்றிரண்டு விதையை மென்று பாருங்கள். கசந்தால் அது பழையது, எத்தனை தேன் ஊற்றினாலும் மறையாது. அரைத்த கசகசா, உருக்கிய வெண்ணெய், தேன், இவற்றோடு உருண்டைகளைப் புரட்டினால் முடிந்தது. சில வீடுகளில் பாதியைக் கசகசாவிலும் பாதியை வதக்கிய புளித்த முட்டைக்கோஸிலும் புரட்டுவார்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். குடும்பம் கிரேக்கக் கத்தோலிக்கமாக (போப்பை ஏற்றுக்கொண்டு கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் சபை), அமெரிக்காவில் பைசான்டைன் கத்தோலிக்கம் என்று சொல்கிறார்களே, அதுவாக இருந்தால் மேலே சொன்ன பலவும் மாறும். பிட்ஸ்பர்கில் இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஓவியர் ஆண்டி வார்ஹாலின் பெற்றோரே வடகிழக்கு ஸ்லோவாக்கியாவின் மிகோவா என்ற சிற்றூரிலிருந்து வந்த கிரேக்கக் கத்தோலிக்கர்கள், கார்பாத்திய மலைப்பக்கத்து ருஸின் என்ற கிழக்கு ஸ்லாவிய இனத்தவர். அப்படிப்பட்ட வீட்டில் விரதம் கடுமையாக இருந்திருக்கும், பாலும் வெண்ணெயும்கூடச் சேர்க்க மாட்டார்கள், போபால்கி தண்ணீரிலும் எண்ணெயிலும்தான். பழைய (ஜூலியன்) நாட்காட்டியின்படி விருந்து இரவு ஜனவரி 6-க்குப் போய்விடும். சீட்டில் உள்ள சொற்கள் ஸ்லோவாக் கிழக்கு வழக்காக இல்லாமல் ருஸின் மொழியாகவே இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவும் வேறு தேவாலயத்தின் புத்தகத்தில் கிடக்கும். ரோமன் கத்தோலிக்கப் பதிவேட்டில் மாதக்கணக்கில் தேடிவிட்டு ‘எங்கள் குடும்பம் பதிவிலேயே இல்லை’ என்று உட்கார்ந்துவிட்டவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். அதனால் அத்தையிடம் இரண்டு கேள்வி: சின்ன வயதில் ஜனவரியில் இரண்டாவது கிறிஸ்துமஸ் உண்டா? பாட்டியின் கல்லறைச் சிலுவையில் கீழே ஒரு சாய்ந்த குறுக்குக்கட்டை இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அந்தப் பக்கம் திரும்புங்கள். தாத்தா ஒரு சபை, பாட்டி ஒரு சபை என்ற வீடுகளும் உண்டு, அப்போது இரண்டு பக்கமும் தேட வேண்டியதுதான்.

இப்போது அந்த 2,400 டாலர். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஆவணத்தைத் தரவிறக்கி, வண்ணக் காகிதத்தில் அச்சிட்டு, கூடவே உங்கள் குலப்பெயருக்கு ஒரு ‘குடும்பச் சின்னம்’ வரைந்து கொடுப்பார்கள். ஆலைக்கு வந்த உழவர் குடும்பத்துக்கு ஏதம்மா கேடயமும் சிங்கமும்! கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம், கூடுதல் கட்டணம் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அங்கே இருந்தவர்கள், கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் குடும்பம்தான், பிற்பாடு. அந்தப் பட்டியல்கள் இணையத்தில் இலவசம். 1899-லிருந்து அதில் நாடு தனி, இனம் தனியாக எழுதினார்கள். ‘ஹங்கேரி, ஸ்லோவாக்’ என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பீர்கள். வீட்டில் ஏன் ஸ்லோவாக் என்று சொல்கிறார்கள் என்பதற்கு அதுவே விடை.

உங்களுக்கு வேண்டியது ஊர்ப்பெயர் ஒன்றுதான், அது பெரும்பாலும் பிட்ஸ்பர்கிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயத்தின் பதிவேட்டில் பெற்றோரின் சொந்த ஊரைப் பல பாதிரியார்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பழைய கல்லறைக் கற்களில் சில நேரம் ஊர் இருக்கும். கொள்ளுத்தாத்தாவுக்கு 1917-இல் 21 முதல் 30 வயதுக்குள் இருந்திருந்தால், அந்த ஆண்டு ஜூன் மாத அமெரிக்க ராணுவப் பதிவு அட்டையைப் பாருங்கள், குடிமகனாகாதவர்களும் பதிந்தார்கள், பிறந்த ஊரைக் கேட்கும் கட்டம் அதில் உண்டு. 1890-இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய தேசிய ஸ்லோவாக் சங்கம் போன்ற உதவிச் சங்கங்களின் காப்பீட்டுத் தாள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம், அதையும் தேடுங்கள்.

பெயர் கிடைத்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வருகிற பகுதி. 1900-க்குப் பின் ஹங்கேரி அரசு ஊர்ப்பெயர்களை மாற்றிச் சீராக்கியது. 1918-க்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா திரும்ப மாற்றியது, 1948-இல் இன்னொரு சுற்று. அந்தக் காலக் காகிதத்தில் கோஷித்ஸே ‘காஷா’, ப்ரெஷோவ் ‘எபெர்யெஷ்’. லூச்கா என்ற பெயரில் மட்டும் ஸ்லோவாக்கியாவில் பல ஊர்கள், அதனால் மாவட்டப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகம் என் விண்ணப்பத்தை எட்டு மாதம் வைத்திருந்து, அவர்கள் பதிவில் இருப்பது ஹங்கேரிய எழுத்துக்கூட்டல் என்ற ஒரே காரணத்துக்காக ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பியது. மூன்று அரசுகள் மாற்றிய பெயருக்கு விண்ணப்பிக்கிறவர் என்ன செய்வார்? நீங்கள் எதற்கு எழுதினாலும் எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். 1895 அக்டோபருக்கு முந்திய பிறப்பென்றால் அரசுப் பதிவே கிடையாது, தேவாலயப் புத்தகம்தான். அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஃபேமிலிசர்ச் தளத்தில் படமெடுத்துப் போடப்பட்டிருக்கின்றன, ஒரு காசும் வேண்டாம்.

குடியுரிமையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். 2022 ஏப்ரலில் வந்த திருத்தம், முன்னாள் செக்கோஸ்லோவாக்கியக் குடிமக்களின் பிள்ளை, பேரர், கொள்ளுப்பேரர் வரை வழி திறந்தது உண்மைதான், ஸ்லோவாக்கியாவில் வசிக்கும் அனுமதியும் அதற்கு வேண்டும். ஆனால் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததே 1918 அக்டோபர் 28-இல். 1907-இல் கடல் கடந்தவர் அந்த நாட்டின் குடிமகனாக இருந்தாரா என்பதே பெரிய கேள்வி. அதற்குப் பதில் தெரியாமலேயே ‘நிச்சயம்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். அத்தை ஹலுஷ்கி செய்யும்போது சமையல் குறிப்பு கேட்காதீர்கள், அவருக்கு அது அளவாகத் தெரியாது. தராசை அடுப்பு மேடையில் வைத்து, அவர் கை போடுகிற ஒவ்வொன்றையும் போடுமுன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸை எவ்வளவு பழுப்பாகும் வரை விடுகிறார் என்பதைக் கைபேசியில் படமெடுங்கள். அவர் சொல்கிற சொற்களைப் பதிவு செய்யுங்கள், முக்கியமாக அந்தச் சீட்டைப் படிக்கும்போது.