பசில் சேகரிப்பாளர் சந்திப்புக்கு 20 மரப்புதிர்: என்ன செய்யலாம், எதில் சறுக்கும்?

கேள்வி: மெக்கானிக்கல் பசில் (கையால் அவிழ்த்துக் கோக்கும் புதிர்) சேகரிப்பவர்களும் செய்பவர்களும் மதுரையில் கூடும் சந்திப்புக்கு முதல்முறை போகிறேன். பரிமாற்றத்துக்கு, சொந்தமாகச் செய்த ஒரே புதிரில் 20 பிரதி கேட்கிறார்கள். தச்சு வேலை ஓரளவு தெரியும். எதைச் செய்யலாம்? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்:

ஆறு கட்டைப் பர் செய்யுங்கள். குறுக்கும் நெடுக்குமாக ஆறு கட்டைகள் கோத்து நட்சத்திரம் மாதிரி நிற்குமே, அதுதான். ரகசியப் பெட்டி, காந்தம், ஸ்பிரிங் எல்லாம் அடுத்த முறைக்கு இருக்கட்டும். அவற்றில் ஒன்றைச் சரியாகச் செய்வது எளிது, இருபதையும் ஒரே மாதிரி இயங்க வைப்பதுதான் கஷ்டம்.

ஆளுக்கொன்று மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கம் இன்டர்நேஷனல் பசில் பார்ட்டியில் வேரூன்றியது. புதிர் சேகரிப்பாளர் ஜெரி ஸ்லோகம் 1978-ல் பெவர்லி ஹில்ஸில் தன் வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்த கூட்டம் அது. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். பரிமாற்றத்தில் சேரும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் ஒன்று வீதம் கொண்டுவர வேண்டும், அதுவும் கடையில் விற்காத புதிராக இருக்க வேண்டும். சின்னச் சந்திப்புகளும் இதே விதியைத்தான் பின்பற்றுகின்றன. இன்னொருவர் வடிவமைப்பு என்றால் அவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பர் பழசாயிற்றே, புதிதாக என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உள்ளே பொந்தே இல்லாமல், நேராக ரம்பத்தால் வெட்டக்கூடிய கட்டைகள் 25 வகைதான், அவற்றால் 314 கோர்ப்புகள்தான். பொந்து இருக்கலாம் என்று விட்டால் கணக்கு எகிறிவிடும். புதிர் ஆய்வாளர் பில் கட்லர் கணினியில் ஓட்டி 1990-ல் முடித்த கணக்கில் 3,500 கோடிக்கும் மேல் வந்தது. பொந்து இருந்தால்தான் உள்ளே கட்டைகள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கும், முதல் கட்டை வெளியே வர நாலைந்து நகர்த்தல் தேவைப்படும். ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதிய பர்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஆறு வடிவங்களையும் கட்டம் கட்டமாக வரைந்து ஓட்டுங்கள். எத்தனை விடை, எத்தனை நகர்த்தல் என்று அதுவே சொல்லும். ஒரே ஒரு விடை, நாலு அல்லது ஐந்து நகர்த்தல் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். பத்துக்கு மேல் போனால் சந்திப்பில் யாருக்கும் பொறுமை இருக்காது.

இனி அளவு. கட்டை 24 மி.மீ. சதுரம், நீளம் 96 மி.மீ. ஒரு கட்டம் 12 மி.மீ. என்று வைத்து எல்லா வெட்டையும் கணக்கிடுங்கள். 72 மி.மீ. நீளமே போதும் என்றாலும் பிடித்து இழுக்க விரலுக்கு இடம் வேண்டாமா? 20 பிரதியோடு இரண்டு உபரி, மொத்தம் 132 கட்டை. ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் தின்னும் 3 மி.மீ. சேர்த்தால் சுமார் 13 மீட்டர் சட்டம் தேவை. கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் மிஞ்சும் தேக்குக் கட்டை மலிவாகக் கிடைக்கும். பூவரசும் நல்ல தேர்வு. வாகையும் ஆகும், ஆனால் அதன் தூள் தும்மலைக் கிளப்பும், மூக்கை மூடிக்கொண்டு அறுங்கள். ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) செஞ்சந்தனமும் வேண்டாம், இரண்டும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் விமான நிலையத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்தை முதலில் 27 மி.மீ. அறுத்து, பத்து நாள் நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். வளைய வேண்டியது அதற்குள் வளைந்துவிடும். பிறகு ஒரே நாளில், மெஷின் செட்டிங்கை மாற்றாமல், எல்லாவற்றையும் 23.9-க்கு இழையுங்கள். வெட்டின் அகலம் 24.1. இரண்டு கட்டைகள் பக்கத்தில் பக்கம் படுப்பதால் ஒவ்வொன்றிலும் 0.2 பிசகினால் கோர்ப்பில் 0.4 ஆகிவிடும். வெட்டுகளுக்கு டேபிள் சாவில் ஸ்டாப் கட்டை வைத்த ஸ்லெட் (கட்டையைப் பிடித்துத் தள்ளும் நகர்பலகை) ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு வகை வெட்டை 22 கட்டையிலும் முடித்துவிட்டுத்தான் அடுத்த வகைக்கு ஸ்டாப்பை நகர்த்த வேண்டும். கட்டை தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், குலுக்கினால் கடகடக்கக் கூடாது. அதுதான் பதம்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மரம் ஈரத்தை இழுத்தால் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய உப்பவே உப்பாது. வெட்டின் அகலம் கட்டையின் நீளவாக்கில் இருக்கிறது, அது அப்படியே நிற்கும். அதற்குள் நுழையும் இன்னொரு கட்டையின் தடிமனோ உப்பும். தேக்கில் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் 24 மி.மீ. கட்டை கிட்டத்தட்ட 0.18 மி.மீ. பருக்கும். நீங்கள் விட்ட இடைவெளி 0.2-தான். சித்திரை வெயிலில் காய்ந்த மரத்தில் கச்சிதமாகச் செய்த புதிர் ஐப்பசி மழையில் கல்லாகிவிடுவது இதனால்தான். கொடைக்கானலுக்கு எடுத்துப்போனாலும் இதே கதை. கோடையில் செய்தால் வெட்டை 24.2 ஆக்குங்கள். தளர்ந்த புதிரை அவிழ்க்கலாம், இறுகியதை உடைக்கத்தான் முடியும்.

உடைவது என்றதும் இன்னொன்று. இரண்டு வெட்டுகளுக்கு நடுவே 12 மி.மீ. கனசதுரம் தனியாக நின்றால், நார்ப்போக்கில் தெறித்துவிடும். பர்டூல்ஸில் வடிவம் தேர்ந்தெடுக்கும்போதே அப்படிப்பட்ட கட்டையைத் தவிருங்கள். தனிக் கனசதுரத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தேக்கின் எண்ணெய்ப் பசையில் பிசின் பிடிக்காது. தின்னரால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கள்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முகத்திலும் தடிமன் ஏறும், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விளிம்புகளை 320 உப்புத்தாளால் லேசாக மழுக்கி, தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும்.

ஒவ்வொரு பிரதியோடும் ஒரு சீட்டு வையுங்கள். புதிரின் பெயர், வடிவமைத்தவர், செய்தவர், ஆண்டு, மரம், எத்தனை நகர்த்தல், என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். விடை தனி உறையில், ஒட்டி. அவிழ்த்துக் கொடுப்பதா கோத்துக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். கோத்தே கொடுப்பது நல்லது, ஒரு கட்டை தொலைந்தாலும் கணக்கு போய்விடும்.

சந்திப்பு மேசையில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். நகரவில்லை என்றால் வழி அது இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் முயன்றுகொண்டிருக்கும்போது விடையை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அவிழ்த்ததைத் திரும்பக் கோக்க முடியாவிட்டால், துண்டுகளைத் தட்டில் அப்படியே வைத்து உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். அது யாருக்கும் குறைச்சல் இல்லை, மூடி மறைத்து வைப்பதுதான் குறைச்சல். கைத்துண்டு ஒன்று அவசியம். வியர்வைக் கை பட்டால் இரும்புக் கம்பிப் புதிர் துருப்பிடிக்கும். ஜிகர்தண்டா குடித்த கையோடு மரப்புதிரைத் தொடுபவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

விற்பனை மேசையில் நம் பக்கத்துச் சாமான்களுக்கு மவுசு உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாவித்துவாரம் மறைவாக இருக்கும் பழைய தந்திரப் பூட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசுபிசுக்கும். பென்சில் கரித்தூள் போதும். உள்ளே இருக்கும் குழந்தைக் கண்ணன் காலைத் தண்ணீர் தொட்டதும் வடிந்துவிடும் வாசுதேவர் கிண்ணமும் புதிர்தான், உள்ளே இருப்பது சைபன் குழாய். வாங்குமுன் வேகமாக ஊற்றிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் குழாய் நிரம்பாமல் அதன் வளைவைத் தாண்டிக் கசிந்தே ஓடும், நல்ல கிண்ணத்தையும் ஓட்டை என்று நினைத்துவிடுவீர்கள்.