பணம் கட்டியவர் ஒருவருமில்லை: விலையில் கை வைக்கும் முன்

கேள்வி: ஐடி வேலை போக மீதி நேரத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து, திருப்பூர் பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு (துணி தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள்) பீஸ் ரேட் கூலிக் கணக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக் கணக்குப் போடும் வெப் ஆப் ஒன்றைச் செய்தேன். கட்டணம் மாதம் 299 ரூபாய். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ப்ராடக்ட் ஹண்ட் (புது ஆப்களை நாள்தோறும் பட்டியலிடும் தளம்), லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் வெளியிட்டேன். சர்வர் பதிவில் 1,840 வருகை. 61 பேர் கணக்குத் தொடங்க முயன்றார்கள், முடித்தவர்கள் 23. பணம் கட்டியவர் ஒருவர்கூட இல்லை. விலையைக் குறைக்கட்டுமா, ஏறக்கட்டிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் நான்கு எண்களில் முதலாவது பொய், கடைசி எண் எதையும் சொல்லவில்லை. நடுவில் இருப்பவைதான் பேசுகின்றன.

1,840-ஐ மறந்துவிடுங்கள். லிங்க்கை எங்கே ஒட்டினாலும் முன்னோட்டப் படம் எடுக்க ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வரும். அதன் பின்னால் தேடுபொறிகள், ஓட்டை தேடும் ஸ்கேனர்கள் எல்லாம் வரும். சர்வர் பதிவு இவற்றையும் ஆளாகவே எண்ணும். கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவி, தெரிந்த பாட்களைக் கழித்துவிட்டுக் காட்டும். அடுத்த முறை ஒவ்வொரு இடத்தில் பகிரும் லிங்க்கிலும் தனித்தனி யூடிஎம் குறி (எங்கிருந்து வந்த கிளிக் என்று காட்ட லிங்க்கின் கடைசியில் ஒட்டும் சொற்கள்) சேர்த்துவிடுங்கள். யார் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாமல் எந்த எண்ணையும் படிக்க முடியாது.

ப்ராடக்ட் ஹண்டில் ஒரு நாள் என்பது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவு 12:01-க்குத் தொடங்குகிறது. ஜூனில் அது நமக்குப் பகல் 12:31. நீங்கள் வெளியிட்ட காலை 10 மணி அங்கே திங்கள் இரவு 9:30, அதாவது அன்றைய பட்டியல் முடிய இரண்டரை மணி நேரமே பாக்கி. ஆனாலும் இதற்காக ரொம்ப வருந்த வேண்டாம். சரியான நேரத்தில் போட்டிருந்தால் கூட்டம் கூடியிருக்கும், அதில் பவர் டேபிள்காரர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

61 எப்படி 23 ஆனது என்பதில்தான் ஒரு முழு நாள் செலவழிக்க வேண்டும். கூகுள் கணக்கு வழியாக மட்டும் உள்ளே வரும்படி வைத்திருந்தால், முதல் சந்தேகம் அங்கே. இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொட்டால் அது குரோமில் திறக்காது, இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கும். இப்படிப்பட்ட உள்பிரவுசர்களில் கூகுள் தன் லாகினை அனுமதிப்பதில்லை. 403 என்று ஒரு பிழைப் பக்கம் வரும், வந்தவர் அப்படியே போய்விடுவார். உங்கள் லேப்டாப்பில் எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியாது. வேறொருவர் போனை வாங்கி, இன்ஸ்டாகிராம் பயோவிலிருந்தே உள்ளே போய்ப் பாருங்கள். சர்வர் பதிவில் கூகுள் லாகினுக்குக் கிளம்பிப் போய்த் திரும்பி வராதவர்களை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும்.

மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லியிருந்தால், அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கலாம். உங்களுக்கே ஒன்றை அனுப்பி, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்பவை மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்; மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தால் டொமைன் விற்ற தளத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் பதிவைச் சேர்க்க வேண்டும்.

போன் ஓடிபிக்கு மாறலாம் என்று தோன்றும். பயனாளருக்கு அதுதான் எளிது. ஆனால் இந்தியாவில் இப்படி எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு (அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தளத்தில் பதிவது) வேண்டும். அங்கே ஒப்புதல் வாங்கிய வாசகத்திலிருந்து நீங்கள் அனுப்புவது மாறினால் மெசேஜ் போய்ச் சேராது. எல்லாவற்றையும்விட நல்ல வழி, லாகினே இல்லாமல் ஒரு வாரக் கணக்கைப் போட்டுப் பார்க்க விடுவது. சேமிக்கும்போது கணக்குத் தொடங்கச் சொன்னால் போதும்.

இனி அந்தப் பூஜ்யம். 100-க்கு 5 பேர் வாங்கக்கூடிய நல்ல பொருளாகவே இருந்தாலும், 23 பேரில் ஒருவரும் வாங்காமல் போக 10-க்கு 3 வாய்ப்பு உண்டு. எனவே இதை வைத்து விலை அதிகம் என்று சொல்ல முடியாது. அதிலும் அந்த 23 பேரில் யூனிட் நடத்துபவர் எத்தனை பேர்? டேட்டாபேஸில் முழு வாரக் கணக்கை உள்ளிட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். மூன்று நான்கு பேர் தேறினால் அதிகம். மீதிப் பேர் உங்கள் உழைப்பைப் பாராட்ட வந்த நண்பர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்த வெளியீட்டை இணையத்தில் செய்யாதீர்கள். பத்து யூனிட்டுகளைப் பிடியுங்கள். சனிக்கிழமை கூலி போடுகிற இடத்தில் வெள்ளி இரவே நோட்டு விரிந்துவிடும், அந்த நேரம் போய் உட்காருங்கள். போன வார நோட்டை அப்படியே ஆப்பில் ஏற்றிப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஓவர்லாக் டெய்லர் ஒருவருக்கு 4,200 பீஸ், பீஸுக்கு 85 பைசா. 3,570 ரூபாய் என்கிறது ஆப். நோட்டில் 60 பீஸ் ஆல்டருக்கு (திருத்தித் தைக்க) திரும்பி வந்திருக்கிறது, அதற்குரிய 51 ரூபாய் அடுத்த வாரத்துக்குப் போகும். அட்வான்ஸில் 500 பிடித்தம். மிச்சம் 3,019. கையில் கொடுத்தது 3,000, பாக்கி 19 ரூபாய் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது. உங்கள் ஆப்பில் அந்தப் பென்சில் ஓரத்துக்கு இடம் இருக்கிறதா? கூலி ஒரு ரூபாய் உதைத்தாலும் ஓனர் நோட்டுக்கே திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்று வாரம் இலவசமாக விடுங்கள். நினைவூட்ட வேண்டாம். மூன்றாவது சனிக்கிழமை தானாகத் திறந்தவர்கள் நான்கு பேராவது இருந்தால் நான்காவது வாரம் பணம் கேளுங்கள். ஒருவரோ யாரும் இல்லையோ என்றால் அப்போது ஏறக்கட்டலாம். இரண்டு மூன்று பேர் என்றால் நோட்டோடு எங்கே உதைக்கிறது என்று பார்த்துச் சரிசெய்து, இன்னும் மூன்று வாரம்.

பணம் கேட்கும்போது மாதாமாதம் தானாகக் கழியும் ஆட்டோபே வேண்டாம். முதலில் யூபிஐ பின்னோ, கார்டு என்றால் ஓடிபியோ போட்டு அனுமதி தரவேண்டும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்னால் வங்கி அறிவிப்பு வரும். பழக்கமில்லாதவர் அதைப் பார்த்தே ரத்து செய்துவிடுவார். மூன்று மாதத்துக்கு 900 ரூபாய் என்று யூபிஐ கியூஆர் நீட்டுங்கள். முதல் பத்துப் பேருக்குப் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) கூடத் தேவையில்லை.

பதிவை முடிக்காமல் போன 38 பேரில் யாருடைய மின்னஞ்சலாவது இருந்தால், உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வரி அனுப்புங்கள். ஆப்பின் டொமைனிலிருந்து அனுப்பினால் இதுவும் ஸ்பேமுக்குப் போகலாம். "ஆப் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எந்த ஸ்கிரீன் வந்தது? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள்.