பயிற்சி விமானிகள் தரையிறங்கும்போதே ஏன் அடிக்கடி விபத்தில் சிக்குகிறார்கள்?

வேகம் ஒரு முக்கியக் காரணம், அதுவும் குறைவான வேகம் இல்லை, கூடுதல் வேகம்.

செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பை, அதாவது குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க உதவும் இறக்கையின் பின்விளிம்புத் தகட்டை, இறக்கிய பிறகு 60 முதல் 70 நாட் (மணிக்கு சுமார் 110 முதல் 130 கி.மீ.) வேகத்தில் ஓடுபாதைக்கு வர வேண்டும். மாணவரோ எங்கே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பத்து நாட் கூடவே வைத்துக்கொள்வார். அந்த வேகம் தீரும்வரை விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை கரைந்துகொண்டே வரும், பதற்றத்தில் கண்ட்ரோலை முன்னால் தள்ளி வலுக்கட்டாயமாக இறக்கப் பார்ப்பார். அங்கேதான் வினை. முன்சக்கரம் முதலில் இடித்து விமானம் துள்ளும். திரும்பத் தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் நம் கை எப்போதும் விமானத்துக்கு ஒரு நொடி பின்னால்தான் இருக்கிறது. கடைசியில் முன்சக்கரம் ஒடிந்து ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பெரும்பாலும். ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவு இருக்கிறதே!

சரி, துள்ளிவிட்டது, என்ன செய்வது? முழு பவர் கொடுத்து மறுபடி மேலே போய்விட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பவர் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே எழும், இடப்பக்கம் இழுக்கும். மூக்கை அடக்கி, வலது ரடர் பெடலை (வாலில் உள்ள, மூக்கை இடம் வலம் திருப்பும் தகட்டை இயக்குவது) மிதித்து, ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரேயடியாக ஏற்றினால் விமானம் கீழே அமுங்கும்.