‘பாட்டி ஹவுஸ் போனேன்’

கடிதம்:

வணக்கம் அம்மா. என் மகள் சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் (என்ஐஇ) தமிழாசிரியர் பயிற்சிக்குச் சேரப் போகிறாள். தமிழில் பட்டம் பெற்றவள். "இலக்கணமெல்லாம் எனக்குத் தெரியுமே, இத்தனை மாதம் அங்கே என்ன படிக்கப் போகிறேன்?" என்கிறாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.
மாலதி, யீஷூன்

பதில்:

அன்புள்ள மாலதி,

மகளுக்கு என் வாழ்த்து. இலக்கணம் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அவள் முன்னால் உட்காரப் போகும் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழ், பள்ளியில் சந்திக்கிற மொழி.

பயிற்சியின் ஒரு பகுதியாகச் சில வாரம் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். அப்படி ஒரு பயிற்சி ஆசிரியர் என் தொடக்கநிலை இரண்டு வகுப்புக்கு வந்தார். "சனி, ஞாயிறு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். ஒரு பையன் துள்ளி எழுந்து, "பாட்டி ஹவுஸ் போனேன், அப்புறம்..." என்றான். "பாட்டி வீட்டிற்குச் சென்றேன் என்று சொல்" என்றார் அவர். பையன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த ‘அப்புறம்’ அப்படியே நின்றுபோனது. எனக்கு மனம் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அதைப் பற்றி நிறைய நேரம் பேசினோம். அடுத்த வாரம் அதே கேள்வி, அதே பையன், அதே ‘ஹவுஸ்’. இந்த முறை அவர், "ஓ, பாட்டி வீட்டுக்குப் போனியா? அப்புறம்?" என்றார். பையன் பாட்டி சுட்ட தோசையில் தொடங்கி, மின்தூக்கி பழுதாகி எட்டு மாடி ஏறியதுவரை சொன்னான். நடுவில் அவனே ‘வீட்டுக்கு’ என்றும் சொன்னான்.

2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். தாளில் படித்தால் எளிதாகத் தெரியும். தப்பு காதில் விழுந்ததும் திருத்தாமல் பொறுத்திருப்பது, நன்றாகத் தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். உங்கள் மகளுக்கும் கஷ்டமாக இருக்கும். இத்தனை மாதமும் அதற்கே வேண்டும். அதுவே போதாது என்றுகூடச் சொல்வேன்.

சேருவதற்கு முன் உறவுக்காரப் பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள்.