எடை குறைக்கும் செயலிக்கு ஒரு வருடச் சந்தா கட்டலாமா?

கேள்வி: டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு, நடை, எடை எல்லாவற்றையும் போனில் பதியும் ஒரு செயலியைப் பார்த்தேன். இலவசமாகவும் கிடைக்கிறது. வருடச் சந்தா கட்டினால் ஃபிட்னஸ் பேண்டும் தருகிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் இலவசப் பதிப்பில் ஒரு மாதம் விடாமல் பதிந்து பாருங்கள். அமெரிக்காவில் எடை கூடிய 212 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரு பாதிப் பேருக்கு மைஃபிட்னஸ்பால் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் செயலி வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் எடையில் பெரிய வித்தியாசமே இல்லை, ஏனென்றால் முதல் மாதம் முடிந்ததுமே அதைத் திறப்பது மளமளவென்று குறைந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தைத் தாண்டுகிறீர்களா என்று தெரியாமல் பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டுவானேன்?

பேண்டுக்காக ஆசைப்படாதீர்கள். 471 பேரை இரண்டு வருடம் கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை ஒன்றுதான். பேண்ட் கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அது இல்லாமல் தாங்களே பதிந்துவந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். இன்னொன்று, பேண்ட் காட்டும் 'எரித்த கலோரி' கணக்கை நம்பி ஒரு கவளம்கூடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, அதில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

அப்போ எதற்குப் பணம் கொடுக்கலாம்? நீங்கள் எழுதுவதைப் படித்துப் பதில் சொல்லும் ஆளுக்கு. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2002-ல் முடிவுகளை வெளியிட்டபோது இன்றைய மாதிரி ஸ்மார்ட்போன் யார் கையிலும் இல்லை. 16 பாடங்கள், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட நடை, கூடவே பேசித் திருத்த ஒரு பயிற்சியாளர், இவ்வளவுதான், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. போன் இந்த முறையைக் கையோடு எடுத்துப்போக உதவும், சாப்பிட்ட அந்த நிமிடமே பதியலாம், அது பெரிய வசதிதான். ஆனால் பதிந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் சீக்கிரமே சலித்துவிடும். அதனால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: என் பதிவைப் பார்ப்பது மனிதரா, தானியங்கிப் பதிலா? அவர் உணவியல் படித்தவரா? எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவார்? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ அதே பதிவைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

இலவச டிரையலில் சேர்ந்தால் முடியும் தேதியை அன்றைக்கே குறித்துவையுங்கள். செயலியை போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா ரத்தாகாது, ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே கணக்கில் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். இது தெரியாமல் பணத்தை இழப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சாப்பாட்டை ஒதுக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பழக்கம் முன்பு இருந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் பேசாமல் கலோரி எண்ண ஆரம்பிக்கவே கூடாது.

கேள்வி: எடை மெஷின் புளூடூத் உள்ளதாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. 100 கிராம் வித்தியாசம் காட்டும் சாதாரண டிஜிட்டல் மெஷின் போதும். காலையில் எழுந்து கழிவறை போய்வந்ததும், சாப்பிடும் முன், ஒரே இடத்தில் வைத்து நின்று பார்த்து கையாலேயே பதியுங்கள். ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்குவது பெரும்பாலும் உடம்பில் உள்ள நீர்தான், வாரச் சராசரியைப் பாருங்கள்.