ஃபிராக்மென்ட் லைப்ரரி: கேட்டதும் சொன்னதும்

ஃபிராக்மென்ட் எனப்படும், 300 டால்டனுக்கு உட்பட்ட சின்ன மூலக்கூறுகளை வைத்து மருந்துத் தேடலைத் தொடங்குபவர்களின் கேள்விகள்.

ஆய்வு மாணவி: எங்கள் லேபில் 10 மில்லிமோலார் டிஎம்எஸ்ஓ (ஒரு கரைப்பான்) கரைசலாக ஒரு பெரிய லைப்ரரி, அதாவது சோதனைக்கான மூலக்கூறுத் தொகுப்பு, இருக்கிறது. அதிலிருந்து சின்ன மூலக்கூறுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதுமா சார்?

போதாதும்மா. ஃபிராக்மென்ட் புரதத்தோடு லேசாகத்தான் ஒட்டும். பிரிகை மாறிலி (எண் கூடினால் பிணைப்பு பலவீனம்) பெரும்பாலும் நூறு மைக்ரோமோலாருக்கு மேல், சில சமயம் மில்லிமோலார் கணக்கில்கூட இருக்கும். உங்கள் அஸ்ஸே (சோதனை முறை) 1% டிஎம்எஸ்ஓதான் தாங்கும் என்றால் 10 மில்லிமோலார் ஸ்டாக் தருவது 100 மைக்ரோமோலார். நல்ல ஃபிராக்மென்ட்கூட அதில் தெரியாமல் போய்விடும். பவுடராக வாங்கி 100 மில்லிமோலார் ஸ்டாக் போடுங்கள்; அதே 1 சதவீதத்தில் 1 மில்லிமோலார் கிடைக்கும்.

அடுத்த வேலைதான் முக்கியம். ஸ்டாக்கில் கரைந்தது பஃபரிலும் கரைந்தே இருக்கிறதா? பாஸ்பேட் பஃபரில் 1 மில்லிமோலார் கலக்கி, அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக டிஎஸ்எஸ் சேர்த்து புரோட்டான் என்எம்ஆர் எடுங்கள். சிக்னலின் பரப்பை வைத்து உண்மையில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, 24 மணி நேரம் கழித்து அதே குழாயை மறுபடி பாருங்கள். பரப்பு குறைந்தால் வீழ்படிவு, புதுக் கோடுகள் வந்தால் சிதைவு. இரண்டில் எது நடந்தாலும் அந்த மூலக்கூறைத் தூக்கிவிடுங்கள். எல்சி-எம்எஸ்ஸில் (பிரித்து நிறை அளக்கும் கருவி) 95% தூய்மை என்று வருவதை மட்டும் நம்பி இதைத் தவிர்க்காதீர்கள்.

முனைவர் பட்ட மாணவர்: 'மூன்று விதி'க்குள் வந்தால் போதும்தானே?

அஸ்டெக்ஸ் குழு 2003-இல் சொன்ன விதி அது: எடை 300-க்குள், சிலாக்பி (கொழுப்பில் கரையும் போக்கின் கணக்கு மதிப்பு), ஹைட்ரஜன் பிணைப்புக் கொடைகள், ஏற்பிகள் ஒவ்வொன்றும் 3-க்குள். அது வேலி மட்டும்தான். உள்ளே எதை நடுவது என்று அது சொல்லாது. ஹிட் (சோதனையில் வேலை காட்டும் மூலக்கூறு) கிடைத்த மறுவாரமே வாங்கிச் சோதிக்க ஒவ்வொரு ஃபிராக்மென்ட்டுக்கும் பத்துப் பதினைந்து உறவு மூலக்கூறுகள் சந்தையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எந்தப் பக்கமாக வளர்க்கலாம் என்பதும் அமைப்பிலேயே தெரிய வேண்டும். வெமுராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து தொடங்கியது 7-அசாஇண்டோலில்: ஹைட்ரஜனைத் தவிர்த்து 9 அணுக்கள், எடை 118. கைனேஸ் என்ற நொதியின் கீல் பகுதியை இரண்டு நைட்ரஜன்களும் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் வளர இடம் கிடைத்தது. 2011-இல் வெமுராஃபெனிப் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

இன்னொருவர்: தேர்வு செய்ய எந்த மென்பொருள்?

ஆர்டிகிட். மூலக்கூறு அமைப்பை எண்களாக்கும் மார்கன் கைரேகை, ஒன்றுக்கொன்று வேறுபட்டவற்றைப் பொறுக்கும் மேக்ஸ்மின் தேர்வு. பட்டியல் வந்ததும் ஒரு மருந்து வேதியியலாளர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆய்வகப் பொறுப்பாளர்: பொய் ஹிட் தரும் அமைப்புகளைச் சலிக்கும் பெயின்ஸ் வடிகட்டியில் சிக்குவதையெல்லாம் எறிந்துவிடலாமா? பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவே அதில் சிக்கும் கேட்டகோல்தானே, அது மருந்தாகவில்லையா?

நியாயமான கேள்வி. பெயெலும் ஹாலோவேயும் 2010-இல் வெளியிட்ட அந்த வடிகட்டி, ஆல்ஃபாஸ்க்ரீன் என்ற ஒரே வகை அஸ்ஸேயின் தரவிலிருந்து வந்தது. அதைத் தூக்குத் தண்டனையாக எடுக்கக் கூடாது. ஆனால் லெவோடோபாவைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. அது அமினோ அமிலம். உடல் அதைக் கடத்தி டோபமைனாக மாற்றுகிறது. ஸ்க்ரீனிங் தட்டில் இருக்கும் கேட்டகோலோ ஆக்சிஜனேற்றமாகிக் குயினோனாகி, புரதத்தின் சிஸ்டைனோடு ஒட்டிக்கொள்கிறது. புது லைப்ரரிக்குக் குயினோன், ரோடனின், கேட்டகோல் எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் ஹிட்டுக்கு மட்டும் சோதனை செய்யுங்கள்:

சோப்பு போன்ற டிரைட்டன் எக்ஸ்-100-ஐ 0.01% சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது மூலக்கூறுகள் கூடிய திரளின் வேலை.
கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி) சேர்த்ததும் மறைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வேலை. பஃபரில் டிடிடி என்ற ஒடுக்கும் பொருள் இருந்தால் இந்தத் தொல்லை கூடும்.
உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்ததும் மறைந்தால் துத்தநாகம் போன்ற உலோகக் கலப்படத்தைச் சந்தேகியுங்கள். உங்கள் புரதத்துக்கே உலோகம் தேவையென்றால் இந்தச் சோதனை உதவாது.

அதே பொறுப்பாளர்: அப்படியானால் வடிகட்டியே தேவையில்லையே, இந்தச் சோதனைகளே போதுமே?

ஆயிரம் மூலக்கூறுக்கும் இதைச் செய்ய யாரிடம் ஆள் இருக்கிறது? வாங்கும்போது வடிகட்டி, ஹிட் வந்தபின் சோதனை. இரண்டும் வேண்டும்.

மூன்று பேர், ஏறத்தாழ ஒரே கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமினை லைப்ரரியில் சேர்க்கலாமா? டாக்கிங்கில் (புரதத்தில் பொருந்துமா என்ற கணினிக் கணிப்பில்) நல்ல மதிப்பெண் வருகிறதே?

வேண்டாம். உலோகத்தைப் பிடிக்கும், தையால்களோடு (சிஸ்டைனில் உள்ளது போன்ற கந்தகக் குழுக்களோடு) வினைபுரியும், திரளும், தானே ஒளிரும். பிஹெச் 7.4-இல் 37 டிகிரியில், சீரம் இல்லாத பஃபரில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். அஸ்ஸே முடியும்போது நீங்கள் அளப்பது குர்குமினையே அல்ல. டாக்கிங்குக்கு இவை எதுவும் தெரியாது.

சித்த மருத்துவர்: அப்படியென்றால் மஞ்சளுக்கு மருத்துவக் குணமே இல்லை என்கிறீர்களா?

இல்லை ஐயா, நான் சொன்னது தட்டில் வரும் எண்ணைப் பற்றி மட்டும். மஞ்சள் நோயாளிக்கு உதவுமா என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

நான்காமவர்: குர்குமின் பற்றி...

மேலே பாருங்கள்.

தொழில்நுட்பர்: தட்டுகளை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் செறிவு குறையும், கரைந்திருந்த மூலக்கூறும் வீழ்படிவாகும். ஆகவே ஒருமுறை மட்டும் பயன்படும் நகல்களாகப் பிரித்து, நன்றாக மூடி மைனஸ் 20-இல் வையுங்கள். எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். தட்டு அறை வெப்பத்துக்கு வந்து முழுக்க உருகியபின், சுழற்றிவிட்டுத் திறங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சில கிணறுகளை எடுத்து அதே என்எம்ஆர் சோதனையைச் செய்யுங்கள்.